ரீஃபில்காரர் காட்டும் ‘மிச்சப் பவுடர்’: மறுபடி போடலாமா?

கேள்வி: தாலுகா அலுவலகம் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஹெச்.பி. 12ஏ கார்ட்ரிட்ஜ் (அச்சுப் பவுடர் அடைத்த கூடு) போடும் லேசர் பிரிண்டர். எழுத்து மங்கியதும் ரீஃபில் செய்ய வருகிறவர் பிரித்துக் காட்டுகிறார். உள்ளே ஒரு கை பவுடர் கிடக்கிறது. “இதையே திரும்பப் போட்டுடலாம்மா, உங்களுக்குக் காசு மிச்சம்” என்கிறார். போடலாமா? மிச்சமே வராதபடி கம்பெனிக்காரர்களால் செய்ய முடியாதா?

பதில்: போடவே கூடாது. அவர் காட்டியது அநேகமாக மிச்சப் பவுடரே இல்லை, வேஸ்ட்.

கார்ட்ரிட்ஜுக்குள் இரண்டு அறைகள் இருக்கின்றன. ஒன்றில் புதுப் பவுடர். அது மேக்னட் ரோலர் வழியாக, அச்சாக வேண்டிய உருவம் முதலில் பதியும் உருளையான டிரம்முக்குப் போய், அங்கிருந்து தாளில் ஏறுகிறது. தாளில் ஏறாமல் டிரம்மிலேயே ஒட்டிக்கொண்டதை வைப்பர் பிளேடு வழித்து அடுத்த அறைக்குள் தள்ளும். பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு. ஆனால் வேஸ்டில் தாள் தூசு கலந்திருக்கும், பவுடரின் மின்னேற்றமும் கெட்டிருக்கும். அதைத் திரும்பப் போட்டால் தாள் முழுக்கச் சாம்பல் பூத்தாற்போல வரும், டிரம்மும் கீறும். நூறு ரூபாய் பவுடரை மிச்சம் பிடிக்கப்போய் டிரம் மாற்றுகிற செலவு வந்து நிற்கும்.

புதுப் பவுடர் அறையிலும் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். அதற்குப் பொறுப்பு கார்ட்ரிட்ஜை வடிவமைத்தவர்கள். இந்தப் பவுடருக்குப் பெயர் டோனர். அதன் துகள் 5 முதல் 10 மைக்ரான் அளவுதான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நைசான பொடி தானாகச் சரிந்து வராது. மிளகாய்ப்பொடி டப்பாவில் ஸ்பூன் எட்டாத மூலையில் பொடி நிற்குமே, அப்படித்தான் உள்ளே சுழலும் கிளறி எட்டாத இடத்தில் இதுவும் அப்பிக்கொண்டு நிற்கும். யோசித்துச் செய்த கார்ட்ரிட்ஜில் தரை கிளறியின் சுற்றுக்கு ஏற்ப வளைந்திருக்கும். கிளறியின் ஓரத்தில் வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் தகடு இருந்து சுவரை உரசி வழிக்கும். பெரிய ஜெராக்ஸ் மிஷின்களின் டோனர் பாட்டிலைப் பாருங்கள், உடம்பெல்லாம் திருகு வரி ஓடும். பாட்டிலே சுழன்று பவுடரை வாய்ப்பக்கம் தள்ளிக்கொண்டு வருவதற்காக அது. துகளையே உருண்டையாக வளர்த்தெடுக்கும் பாலிமர் டோனரும் இருக்கிறது. அது டிரம்மை விட்டு எளிதாகத் தாளுக்குப் போவதால் வேஸ்ட் குறைகிறது.

ஆக, வழி எல்லாம் தெரியும். ஆனால் பெட்டியின் மேல் அச்சிடுவது பக்கக் கணக்கு மட்டும்தான். 12ஏ-வுக்கு 2,000 பக்கம். அதுவும் தாளில் 5 சதவீதம் மட்டுமே கறுப்பு ஏறினால். முடிவில் எத்தனை கிராம் உள்ளே தங்கும் என்று போட்ட பெட்டியை நான் பார்த்ததில்லை. அதைப் போட வைக்க வேண்டியவர்களும் கேட்பதாகத் தெரியவில்லை. நீங்களோ மூடியைத் திறந்து வைத்தபடி ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுத்தால், சுற்றிலும் விழும் கறுப்புப் பட்டை ஒன்றே அந்த 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். மூடியை மூடி எடுங்கள்.

மிச்சம் முழுக்கப் பூஜ்யமாகவும் முடியாது. ரோலருக்குப் பின்னால் கொஞ்சம் பவுடர் எப்போதும் நிற்க வேண்டும். வைப்பர் பிளேடுக்கு வழவழப்புத் தருவதும் இந்த டோனர்தான். ஒரேயடியாகக் காய்ந்தால் பிளேடு மடங்கும். மங்கத் தொடங்கியதும் கார்ட்ரிட்ஜை எடுத்து, இரண்டு முனையையும் பிடித்துப் படுக்கை வாக்கில் ஐந்தாறு முறை மெதுவாகச் சாய்த்து ஆட்டிப் போடுங்கள். இன்னும் கொஞ்சம் பக்கம் வரும். நிமிர்த்திப் பிடித்துக் குலுக்காதீர்கள்.

இனி ரீஃபில்காரர். பழைய வேஸ்டைக் கொட்டாமல் மேலே பவுடரை நிரப்பிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வேஸ்டையே திரும்பப் போட்டுவிட்டு ஒரு பாட்டிலுக்கு முழுக் காசு வாங்குகிறவர்களும் உண்டு. கண்டுபிடிக்க ஒரு சின்னத் தராசு போதும். புதுக் கார்ட்ரிட்ஜை, பவுடர் அறையை அடைத்திருக்கும் சீல் டேப்பை இழுத்த பிறகு, எடை போட்டு அதன் மேலேயே மார்க்கரில் எழுதிவையுங்கள். மங்கியதும் ஒரு எடை, ரீஃபில் ஆனதும் ஒரு எடை. ஒழுங்காகச் செய்திருந்தால் கடைசி எடை முதல் எடைக்குப் பக்கத்தில் வரும். அதைவிட நன்றாகக் கூடியிருந்தால் வேஸ்ட் உள்ளேயே இருக்கிறது. சீக்கிரம் தாளின் மேல் கொட்டும். மங்கியபோது இருந்த எடையிலேயே நின்றால் புதுப் பவுடர் விழவே இல்லை. உங்கள் கண்ணெதிரே, சீல் உடைக்காத பாட்டிலை, அதுவும் 12ஏ-வுக்கான பவுடரை மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். ‘எல்லா மாடலுக்கும் ஆகும்’ என்று பெரிய கவரில் கொண்டுவருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நல்ல பவுடர் நிஜமாகவே வீணாகும் இடம் ஒன்று உண்டு. உங்கள் 12ஏ-வில் கணக்கு வைக்கும் சிப் கிடையாது, எழுத்து மங்கினால் பெரும்பாலும் பவுடர் குறைந்துவிட்டது என்றுதான் பொருள். டிரம்மும் டோனரும் தனித்தனியாக வரும் பிரதர் கம்பெனி பிரிண்டர்கள் அப்படியில்லை. ரோலர் எத்தனை சுற்று சுற்றியது என்பதையும் கணக்கில் எடுத்துத்தான் ‘டோனர் மாற்று’ என்கின்றன. ஐம்பது பக்கத்தை ஒரே மூச்சில் அடித்தால் சுற்று குறைவு. உங்கள் கடையைப் போல ஆளுக்கு ஒரு பக்கமாக அடித்தால், ஒவ்வொரு முறையும் கிளம்பவும் நிற்கவும் ரோலர் சும்மா சுற்றும். பவுடர் இருக்கும்போதே கணக்கு முடிந்துவிடும். அந்த மிஷின் வாங்கினால் செட்டிங்கில் ‘கன்டினியூ’ முறையைப் போட்டு வையுங்கள். செய்தி வந்த பிறகும் ஓடும். தரத்துக்குப் பொறுப்பில்லை என்று கம்பெனி எச்சரிக்கும், பயப்பட வேண்டாம். இதை விற்கிற இடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பவுடர் இருக்கும்போதே கார்ட்ரிட்ஜைத் தூக்கி எறிய வைப்பது எனக்குக் கோபம் வரவழைக்கிற காரியம்.

கொட்டிய வேஸ்டை வீட்டு வேக்யூம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள். நைஸ் பொடி மறுபக்கம் பறந்து வரும், உள்ளே தீப்பற்றவும் கூடும். பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். வெந்நீர் பட்டால் அப்பிக்கொள்ளும். காலிக் கார்ட்ரிட்ஜை மின்னணுக் கழிவாக ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, தாலுகா ஊரில் வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. ‘எம்ப்டி இருக்கா’ என்று கேட்டு வருகிறவர்தான் வருவார். அவருக்குக் கொடுத்தாலும் அட்டைப்பெட்டியைக் கொடுக்காதீர்கள், கிழித்துப் போடுங்கள். ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜை ‘ஒரிஜினல்’ என்று விற்க அவருக்குத் தேவைப்படுவது அந்தப் பெட்டிதான்.