மடத்துக்குப் போன அத்தையைத் தேடுவது: கேள்வி பதில்

கேள்வி (பாளையங்கோட்டை): பாட்டியின் தங்கை 1930களில் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர். மடத்தில் அவருக்கு வைத்த பெயர் (மடத்துப் பெயர்) மட்டும் தெரியும். எங்கே தொடங்குவது?

பதில்: மடத்துப் பெயரை ஓரமாக வையுங்கள். ஒரே சபையில் நாலு தெரேசா, அஞ்சு செசிலியா இருப்பார்கள். ஞானஸ்நானப் பெயர், அப்பா அம்மா பெயர், பிறந்த ஊரின் பங்குக் கோயில், இந்த மூன்றையும் முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வாங்குங்கள். அப்புறம் சபைத் தலைமையகத்துக்கு எழுதி, சேர்ந்த நாள், வார்த்தைப்பாடு (துறவற உறுதிமொழி) கொடுத்த நாள், இருந்த இல்லங்கள், இறந்த நாள் கேளுங்கள்.

பெயர் ஒரு தடவைதான் மாறும் என்றும் நம்ப வேண்டாம். 1839இல் பிரான்சின் நாந்த் நகரில் பிறந்த எலேன் தெ ஷப்போத்தேன் 1860இல் கிளாரா மடத்தில் சேர்ந்தபோது அவருக்கு ஒரு பெயர். 1864இல் மரி ரெப்பரேட்ரீஸ் சபைக்கு மாறியதும் 'பாடுகளின் மரியா'. அடுத்த வருடம் மதுரை மிஷனுக்கு வந்தார். 1876இல் சில சகோதரிகளோடு பிரிந்து ஊட்டிக்குப் போனார். மறு வருடம் அந்தக் குழு தனிச் சபையானது. ஒரே பெண்மணி, மூன்று பெயர், மூன்று சபை.

கேள்வி (திண்டுக்கல்): ஞானஸ்நானப் புத்தகத்தில் மடத்துக்குப் போன விவரம் இருக்குமா?

பதில்: ஓரக்குறிப்பைப் பாருங்கள். 1983 திருச்சபைச் சட்டம் 535, நித்திய (ஆயுளுக்குமான) வார்த்தைப்பாட்டை அங்கே குறிக்கச் சொல்கிறது. அதற்கு முந்தைய 1917 சட்டமோ அடைபட்ட மடங்களின் முழு வார்த்தைப்பாட்டை மட்டும்தான் கேட்டது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி நடத்தும் சபைகளில் கொடுப்பது பெரும்பாலும் முழு வார்த்தைப்பாடு அல்ல, எளிய வார்த்தைப்பாடு. ஆகவே 1940இல் மடத்துக்குப் போனவரின் ஓரம் வெறுமையாக இருந்தால், 'போகவில்லை' என்று முடிவுகட்டாதீர்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): கல்லறைப் படம் இருக்கிறது. போதுமா?

பதில்: அதிலும் பெரும்பாலும் மடத்துப் பெயர்தான் இருக்கும். மேலே சொன்னேன்.

கேள்வி (திருச்சி): கன்னியரானவர் சட்டப்படி செத்தவர். வார்த்தைப்பாட்டு நாளையே இறந்த நாளாக வம்சாவளியில் போட்டிருக்கிறோம். சரிதானே?

பதில்: ஐயோ, முதலில் அதை அழியுங்கள். 1917 சட்டப்படியே எளிய வார்த்தைப்பாடு கொடுத்தவருக்குச் சொத்துரிமை போகாது. நிர்வாகத்தை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு முன் உயிலும் எழுத வேண்டும்.

திருச்சி நண்பர் மறுபடியும்: வருமான வரி வழக்கில் 'சிவில் மரணம்' என்றுதானே வாதாடினார்கள்?

பதில்: வாதாடினார்கள், தோற்றார்கள். உதவிபெறும் பள்ளிகளில் வேலை பார்க்கும் கன்னியர், குருக்கள் சம்பளத்தில் வரி பிடிக்கலாம் என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நமக்கு வேண்டியது வேறு: அண்ணன் தம்பிகளுக்கு அவர் தன் சொத்துப் பங்கை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாரா? கொடுத்திருந்தால் சொந்தப் பெயர், தகப்பனார் பெயர், மடத்து முகவரி எல்லாம் அதில் கிடைக்கும். பூர்வீகச் சொத்தின் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

நாகர்கோவிலிலிருந்து குறுக்கே ஒருவர்: எங்கள் அத்தைக்குப் பங்கே கொடுக்கவில்லையே!

பதில்: அதை உங்கள் அப்பாவிடம் கேளுங்கள்.

கேள்வி (சென்னை): பாட்டிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஐரிஷ் மதரின் குடும்பத்தைத் தேடுகிறேன்.

பதில்: 1901, 1911 கணக்கெடுப்புத் தாள்கள் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். சொந்தப் பெயர் தெரிந்தால், அப்பா வீட்டில் சின்னப் பெண்ணாக அகப்படலாம்.

கேள்வி (கும்பகோணம்): மடத்துப் பெயர் மட்டும்தான் தெரியும்...

பதில்: முதல் பதில்.