பாசி எடுக்கும் பெண்கள் கடல் உரிமை கேட்க முடியுமா?

கேள்வி: பாம்பன் பக்கம் எங்கள் ஊர். நானும் அம்மாவும் தீவுகளை ஒட்டிப் பாசி எடுத்துப் பிழைக்கிறோம். வனத்துறை விரட்டுகிறது. ஊர்க் கூட்டத்தில் ஆம்பளைகளே முடிவெடுக்கிறார்கள். மீனவர் அட்டை வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: அட்டையில் ஆரம்பியுங்கள். முக்குளித்துப் பாசி எடுப்பதும் மீன்பிடி சார்ந்த தொழில்தான். மீனவர் நல வாரியத்தில் உங்கள் பெயரிலேயே தனியாக விண்ணப்பியுங்கள். "வீட்டுக்காரர் இருக்கிறாரே" என்று வாய்வார்த்தையாகச் சொல்லித் திருப்பி அனுப்பினால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். சிலருக்கு அதற்குப் பிறகு வேலை நடப்பதுண்டு. கூடவே மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் சேருங்கள். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீங்கள் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500-ஆகத் தரும். அதைவிட முக்கியம், நீங்கள் தொழில் செய்பவர் என்பதற்கு அது ஒரு பதிவு.

இனி கடல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. விரட்டுவதற்கு அடிப்படை அதுதான். ஆனால் 2006-ன் வன உரிமைச் சட்டத்தைப் பலரும் மலைக்காட்டு மக்களுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். அந்தச் சட்டம் 'வன நிலம்' என்பதில் சரணாலயத்தையும் தேசியப் பூங்காவையும் சேர்க்கிறது. நீர்நிலைகளில் மீனும் பிற பொருள்களும் எடுக்கும் சமூக உரிமையையும் அதன் 3-ஆம் பிரிவு சொல்கிறது. பழங்குடி அல்லாதவர்கள், 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்து அதை நம்பிப் பிழைத்ததைக் காட்ட வேண்டும். பட்டா இல்லையே என்று பயப்பட வேண்டாம். ஊர்ப் பெரியவர்களின் எழுதப்பட்ட வாக்குமூலமும் சான்றாகும், ஆனால் அது ஒன்று மட்டும் போதாது, இரண்டு வகைச் சான்றாவது வேண்டும். பாட்டிமார்கள் இருக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

கோரிக்கை தொடங்கும் இடம் கிராம சபை. உங்கள் ஊர்க் கூட்டம் உங்களைக் கூப்பிடாமல் நடக்கலாம். ஆனால் இந்தச் சட்டப்படி கூடும் கிராம சபை பெண்கள் இல்லாமல் நடக்க முடியாது. உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். அது தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர். அதிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்குக் காட்டுவதற்காகக் கையெழுத்து மட்டும் வாங்க வருவார்கள். தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் போடுங்கள். சபை முடிவில் குறை இருந்தால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம்.

அந்தத் தீர்மானத்தில் வெறும் "பாசி எடுக்க அனுமதி" என்று எழுத விடாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் சில நாள் மட்டும் போவது, மீன்பிடித் தடைக்காலத்தில் நிறுத்துவது, இரும்புச் சுரண்டி இல்லாமல் விரலில் துணி சுற்றிக் கையால் பறிப்பது, வேரைப் பிடுங்காமல் விட்டுவிட்டு எடுப்பது: பாசிப் பெண்களிடம் ஏற்கெனவே இருக்கும் கட்டுப்பாடுகள் இவை. நீங்கள் கடைப்பிடிப்பதை எல்லாம் எழுதுங்கள். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமிக்கு 2015-ல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் பரிசு வந்ததும் இப்படிப்பட்ட காரியத்துக்காகத்தான். உரிமை பெற்றவர்களும் கிராம சபையும் சேர்ந்து அந்த இடத்தைப் பாதுகாக்கும் அதிகாரத்தை அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு தருகிறது. கட்டுப்பாடு எழுத்தில் இருந்தால், நீங்கள் அனுமதிக்காக நிற்பவர் அல்ல, நிர்வாகத்தில் பங்கு கேட்பவர். மரிக்கொழுந்துப் பாசி எங்கே குறைந்தது, எங்கே தழைத்தது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு வையுங்கள். தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்ப்பவர் நீங்கள்தானே.

சிறு அளவு மீனவர்களுக்காக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2014-ல் ஏற்ற வழிகாட்டியில் பாலினச் சமத்துவத்துக்குத் தனிப் பகுதியே உண்டு. மனுவில் குறிப்பிடலாம், ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தாது.

நடுவில் யாராவது, "எதற்கு இந்த வம்பு, மிதவை கட்டிப் பாசி வளர்க்கலாமே" என்பார்கள். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீத மானியம் உண்டு, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மிதவையில் வளர்க்கும் வெளிநாட்டுப் பாசியான கப்பாபைகஸ் குருசடைத் தீவுப் பவளப்பாறைகளில் பரவிய கதை உங்களுக்கே தெரியும். பாறைக்குப் பக்கத்தில் கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வளர்ப்புக்குச் சேர்வதற்காக, தீவுப் பக்கம் போக மாட்டோம் என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.