கேளுங்க, சொல்றோம்: ஆடிட்டோரியம் கட்டணும்னா என்ன படிக்கணும்?

கேள்வி: ப்ளஸ் டூ மேத்ஸ் குரூப் படிக்கிறேன். எங்க ஏரியா அகஸ்தியா தியேட்டரை 2020ல மூடுனதுலேர்ந்து தியேட்டர், நாடக அரங்கம்லாம் டிசைன் பண்ணணும்னு ஆசை. அதுக்குன்னு தனி டிகிரி இருக்கா? சிவில் போதும்ங்கிறார் அப்பா.
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தனி டிகிரிலாம் இல்லமா, எல்லாருக்கும் அதே அஞ்சு வருஷ பி.ஆர்க், அதாவது ஆர்க்கிடெக்சர் டிகிரிதான். அதுக்கு நாட்டாங்கிற ஆர்க்கிடெக்சர் நுழைவுத்தேர்வு எழுதணும், திருச்சி என்.ஐ.டி. வேணும்னா ஜேஇஇ மெயின்ல ஆர்க்கிடெக்சர் பேப்பர். முடிச்சு கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிஞ்சாதான் ஆர்க்கிடெக்ட்னு போர்டு மாட்ட முடியும், 1972 சட்டம் அப்படி. சிவில்ல அது நடக்காது, ஆனா அப்பா சொல்றதையும் ஒரேடியா தள்ளிடாதே, கலாக்ஷேத்ராவுல இருக்குற கூத்தம்பலத்தை, அதாவது கேரள பாணி அரங்கத்தை டிசைன் பண்ண அப்புக்குட்டன் நாயர் ஒரு இன்ஜினியர்தான்!

இந்த லைன்ல பாதி வேலை காதுக்குதான். கல்யாண மண்டபத்துல ஸ்கூல் ஆண்டுவிழா வைப்பாங்கல்ல, மைக்ல பேசுறது ஒண்ணும் புரியாது, ஏன்னா டைல்ஸ், கண்ணாடி, மொட்டை சுவர்னு சத்தம் மோதி மோதி திரும்பிட்டே இருக்கும். வசனம் புரியணும்னா அந்த எதிரொலி சுமார் 1 செகண்ட்ல அடங்கணும், வெஸ்டர்ன் ஆர்க்கெஸ்ட்ராவுக்கோ 2 செகண்ட் வரைக்கும் இருந்தாதான் அழகு, ரெண்டுக்கும் ஒரே ஹால் கேப்பாங்க, அங்கதான் தலைவலி. அப்புறம் சீன் படுதாவை மேல தூக்கி மறைக்கணும்னா மேடைக்கு மேல, ஆடியன்ஸ் பாக்குற மேடை முகப்பை விட ரெண்டு மடங்குக்கும் அதிக உயரம் வேணும், பட்ஜெட்ல முதல்ல வெட்டுறது பெரும்பாலும் அதைத்தான்.

கேள்வி: இதை மட்டும் வச்சு பொழைக்க முடியுமா?
– அதே வாசகி

பதில்: கஷ்டம். போபால்ல பாரத் பவன்ங்கிற கலை மையத்தை டிசைன் பண்ண ஆர்க்கிடெக்ட் சார்லஸ் கொரியாவே வீடும் டிசைன் பண்ணார், நவி மும்பை பிளானிங்லயும் இருந்தார். அரங்கம்லாம் எப்பவாவது வர்ற வேலை, வந்தாலும் இழுக்கும். சிட்னி ஓபரா ஹவுஸுக்கான டிசைன் போட்டியில ஆர்க்கிடெக்ட் ஊட்சன் ஜெயிச்சது 1957, கவர்மென்ட்டோட முட்டிக்கிட்டு 1966ல விலகிட்டார், பில்டிங் திறந்தது 1973ல, மனுஷன் அதை முடிஞ்ச நிலைல நேர்ல பாக்கவே இல்ல. அதனால முதல்ல ஒரு நல்ல ஆபீஸ்ல சேந்து வீடு, ஸ்கூல்னு எது வந்தாலும் பண்ணு, நடுவுல அகௌஸ்டிக்ஸ் கன்சல்டன்ட், அதாவது ஹால்ல சத்தம் சரியா கேக்க வழி சொல்றவங்க யார்கிட்டயாவது கொஞ்ச நாள் இருக்க முடிஞ்சா விட்டுடாதே.

இப்பவே ஒண்ணு பண்ணலாம். மெட்ரோல சென்ட்ரல் போய் மாறுனா எழும்பூர், அங்க மியூசியம் தியேட்டர் இருக்கு, ஹென்றி இர்வின் டிசைன், 1896. நாடகம் இருக்குற அன்னிக்கு போய் கடைசி வரிசைல உக்காந்து கேளு, முடிஞ்சதும் அங்க இருக்கவங்ககிட்ட அனுமதி கேட்டுட்டு மேடைக்கு பின்னாடியும் போய் பாரு, டிரஸ் மாத்துற ரூம்லேர்ந்து மேடைக்கு எப்படி வர்றாங்கன்னு.