பழைய மினி காரில் டர்போ எஞ்சின் பொருத்தத் திட்டமிடுகிறேன். முதலில் எதை வாங்க வேண்டும்?

பழைய மினியில் எம்.ஜி. மெட்ரோ டர்போ என்ற காரின் எஞ்சினைப் பொருத்த விரும்புவதாகவும், முதலில் எதை வாங்குவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்நேரம் எங்கோ ஓர் எஞ்சினைப் பார்த்து வைத்துவிட்டு, விலை பேசி முடிப்பதற்குள் யாராவது ‘வாங்கலாம்’ என்று சொல்லிவிட மாட்டார்களா என்ற ஆவலில்தான் கேட்கிறீர்கள் என ஊகிக்கிறேன். நானும் அப்படித்தான் கேட்டேன். ‘வாங்கலாம்’ என்றவர்களை மட்டும் நம்பினேன். எஞ்சினைக் கடைசியாக வாங்குங்கள் என்பதே என் பதில்.

இந்த இரண்டும் பொருந்துமா என்ற கவலை அதிகம் வேண்டாம். 1959-இல் வந்த முதல் மினியின் 848 சி.சி. எஞ்சினும் மெட்ரோ டர்போவின் 1275 சி.சி. எஞ்சினும் ஒரே ஏ-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டுமே குறுக்காக அமர்ந்து, கியர்பாக்ஸைத் தம் அடியிலேயே சுமப்பவை. தொல்லை, பொருந்திய பிறகுதான் தொடங்குகிறது. 34 குதிரைத்திறனுக்காக 10 அங்குலச் சக்கரத்துக்குள் அடக்கப்பட்ட டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு 93 குதிரைத்திறனை ஓட்டுவதை நான் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். 1989-இல் இதே எஞ்சினோடு வந்த ஈ.ஆர்.ஏ. மினி டர்போவுக்குப் பெரிய டிஸ்க் பிரேக்கும், அதற்கு இடம் தரும் 13 அங்குலச் சக்கரமும் கொடுக்கப்பட்டன. மெட்ரோவிலேயே, கியர்பாக்ஸ் தாங்காது என்பதால் தயாரித்தவர்கள் டர்போவின், அதாவது வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறியின், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தித்தான் விற்றார்கள். ஆகவே முதல் செலவு பிரேக்குக்கு, அடுத்தது கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்ப்பதற்கு.

நான் இவற்றை எல்லாம் சரியாகச் செய்தேன் என்று எண்ண வேண்டாம். எஞ்சினை முதலில் வாங்கினேன். அது மூன்று மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பிறகு அவசரமாக ஏற்றினேன். முதல் நாள் ஓட்டம் அருமையாக இருந்தது. இரண்டாம் நாள், சிக்னலில் இரண்டு நிமிடம் நின்று கிளம்பியதும் பின்னால் வந்தவர் மறையும் அளவுக்கு நீலப் புகை. டர்போவில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் போய்விட்டது என்றார்கள். பழுது பார்த்த பட்டறை டர்போவைக் கழற்றி, சீல் மாற்றியதாகப் பில் எழுதியது. கழற்றிய பழைய சீலைக் காட்டுங்கள் என்று நான் கேட்டதும் ஏதோ திருட்டுப்பட்டம் கட்டிவிட்டதைப் போல முகம் சுளித்தார்கள். நான் காசு கொடுத்த பொருளின் பழைய பாகத்தைக் கேட்பது எப்படிக் குற்றமாகும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. புகை மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில், வேலையை விட்டு ஓய்ந்திருந்த ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் டர்போவைத் தொடவே இல்லை. காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, டர்போவிலிருந்து ஆயில் திரும்பி இறங்கும் ரப்பர் குழாயின் நடுப்பகுதியை ஒரு விரலால் தூக்கிக் காட்டினார். “தம்பி, இங்கே ஊஞ்சல் கட்டியிருக்கிறீர்களே, இறங்கின ஆயில் மறுபடி மேலே ஏற அதற்குக் காலா இருக்கிறது?” என்றார். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ அச்சுக்கு ஆயில் அழுத்தத்தோடு போகிறது. ஆனால் நுரைத்து, அழுத்தம் இழந்து, தன் எடையால் மட்டுமே திரும்பி வருகிறது. அந்தக் குழாய் அகலமாகவும், எங்கும் தொய்யாமல் ஒரே சரிவாகவும், எஞ்சினில் தேங்கியிருக்கும் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர்வதாகவும் இருக்க வேண்டும். நான் நீளமாக வாங்கிய குழாயை வெட்ட மனமில்லாமல் வளைத்து மாட்டியிருந்தேன். நான்கு விரல் நீளம் குறைத்ததும் புகை நின்றது.

இந்தக் காரில் கியர்பாக்ஸும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். கியர் பற்களில் உதிரும் இரும்புத்தூள் வடிகட்டியைத் தப்பினால் டர்போவின் பேரிங்குக்குத்தான் போகும். ஆயிலை மாற்றும் இடைவெளியை நான் பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

எஞ்சினுக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையிலுள்ள தகரத் தடுப்பை ஒட்டித்தான் டர்போ உட்கார வேண்டியிருக்கும். அங்கே இருக்கும் இடைவெளியை, டர்போவின் வடிவத்தில் அட்டை வெட்டி வைத்து இன்றே அளந்து பாருங்கள். தடுப்பை வெட்டத்தான் வேண்டும் என்றால் அது இப்போதே தெரியட்டும். பிரேக் குழாயும் ஒயர்களும் அந்த வெப்பத்தில் வேகாமல் வேறு வழியாகப் போக வேண்டும்.

பெட்ரோல் பம்ப்பையும் விட்டுவிடாதீர்கள். இந்த எஞ்சினில் டர்போ, கார்புரேட்டருக்குள் காற்றைத் தள்ளுகிறது. பெட்ரோலின் அழுத்தம் அந்தக் காற்றின் அழுத்தத்தை எப்போதும் மிஞ்சி நிற்காவிட்டால், அதிக சுமையில்தான் எரிபொருள் குறையும், எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும் தட்டல் கேட்கும், பிஸ்டன் உருகும். பழைய பம்ப்பே போதும் என்று எனக்கும் ஒருவர் சொன்னார். நல்லவேளையாக அதை மட்டும் நான் கேட்கவில்லை.

பழமையைக் கெடுத்துவிட்டான் என்று எழுத வருபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: அசல் எஞ்சின் ஆயில் பூசிச் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது, என் காரில் தகரம் எதையும் வெட்டவில்லை. நவீன எஞ்சின் போட்டிருக்கலாமே என்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் கேட்டவர் அதைக் கேட்கவில்லை. எஞ்சின் எண் மாறுவதைப் பதிவு ஆவணத்திலும் காப்பீட்டிலும் குறிக்க வேண்டியிருக்குமா என்பதை வேலை தொடங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

உங்கள் காரின் முன் பிரேக் டிரம்மா டிஸ்க்கா, சக்கரம் எத்தனை அங்குலம், அட்டை வைத்து அளந்ததில் எவ்வளவு இடம் மிஞ்சியது என்பதையும் கேள்வியில் சேர்த்து எழுதுங்கள். எஞ்சினின் படத்தை அதற்குப் பிறகு அனுப்பினால் போதும்.