சத்தத்தில் ஓடும் உலகம்: வாசகர் கேள்வி-பதில்

கோவில்பட்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி நாவல் எழுதுகிறாராம். அதில் மின்சாரமே கிடையாது, விளக்கு, வண்டி, ஆலை எல்லாம் ஒலியிலும் அதிர்விலும் ஓடும். "இப்படி ஓர் உலகத்தை நம்புகிற மாதிரி எழுத முடியுமா?" என்று போன இதழில் கேட்டிருந்தார். பதிலை அடுத்த இதழில் எழுதுகிறேன் என்று ஒரு வரி போட்டதற்கே மற்ற வாசகர்களிடமிருந்து இத்தனை கேள்விகள். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க இதுதான்.

கேள்வி: என் கதையில் ஊர் மக்கள் எல்லோரும் காலையில் சேர்ந்து பாடுவார்கள், அந்தப் பாட்டின் சக்தியில் ஊருக்கு நாள் முழுக்க விளக்கு எரியும். சரிதானே சார்? (அதே கோவில்பட்டி மாணவி)

பதில்: காட்சி அழகாகத்தான் இருக்கிறது, கணக்குதான் உதைக்கிறது. நாம் சாதாரணமாகப் பேசும்போது வாயிலிருந்து வெளியேறும் ஒலியின் திறன் சுமார் 10 மைக்ரோவாட் (ஒரு வாட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரோவாட்). வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு ஒன்றுக்கு 9 லட்சம் பேர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் ஒரு துளிகூடச் சிந்தாமல் அத்தனையையும் பிடித்தால். பாடினால் இதைவிடப் பல மடங்கு வரும், ஆனாலும் ஊருக்கு விளக்கெரிக்கப் போதாது. காது வலிக்கும் எல்லை என்று சொல்லப்படும் 120 டெசிபலில்கூட ஒரு சதுர மீட்டருக்கு 1 வாட்தான் கிடைக்கும். உச்சி வெயில் அதே சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் கொட்டுகிறது. நம் காது பொல்லாத காது, அதற்குக் கொஞ்சூண்டு சக்தியே இடிமுழக்கமாகத் தெரிகிறது, அதை நம்பித்தான் ஒலியில் பெரிய சக்தி இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

பாட்டை எடுத்துவிட வேண்டாம். விளக்கு எரிய வைக்கிற வேலையிலிருந்து மட்டும் எடுத்துவிட்டு சேதி சொல்கிற வேலையில் போடுங்கள். அதற்கு மைக்ரோவாட்டே தாராளம். போர்க்கப்பல்களில் பேட்டரியே இல்லாத தொலைபேசி உண்டு, பேசுகிறவரின் குரலே ஒரு மெல்லிய தகட்டை அசைக்கும், தகடு காந்தத்தின் பக்கத்தில் கம்பிச்சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும், அது அடுத்த முனையில் மறுபடி குரலாகிவிடும். குண்டடிபட்டுக் கப்பல் முழுக்க மின்சாரம் போனாலும் இது வேலை செய்யும் என்பதற்காகவே இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் உலகத்தில் மின்சாரம் கிடையாது என்றால் தீப்பெட்டியும் நூலும் வைத்து நாம் விளையாடிய டெலிபோனைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். இழுத்துக் கட்டிய கம்பியில் குரல் போகும் என்று ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி 17ஆம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டார்.

கேள்வி: அப்படியென்றால் சக்தி எங்கிருந்துதான் வரும்? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம், அருவி, காற்று, விறகு, எரிமலை. ஒலி அதைச் சுமந்துகொண்டு போகிற வண்டி, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தில் தெளிவாகிவிட்டால் பாதி உலகம் தானாகக் கட்டிவிடும் என்பது என் கட்சி.

விறகையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடி ஊதுகிறவர்கள் சூடான குமிழோடு ஒட்டிய குளிர்ந்த குழாய் தானாகவே 'ம்ம்ம்' என்று பாடுவதைப் பல காலமாகக் கேட்டிருக்கிறார்கள். 1850இல் சோண்ட்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அதை உட்கார்ந்து ஆராய்ந்தார். உள்ளே இருக்கும் காற்று முன்னும் பின்னும் ஆடுகிறது, நெருங்கும் நேரத்தில் சூடு வாங்குகிறது, விரியும் நேரத்தில் சூட்டை விடுகிறது, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஒவ்வொரு முறையும் ஆட்டம் பெரிதாகிறது. பிஸ்டன் இல்லை, சக்கரம் இல்லை, தேய்வதற்கு ஒன்றுமே இல்லை. 1999இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பேக்ஹாஸ், ஸ்விஃப்ட் என்ற இருவர் உயர் அழுத்த ஹீலியம் அடைத்த குழாயில் இதே வித்தையைச் செய்து, கொடுத்த வெப்பத்தில் 30 சதவீதத்தை ஒலியாக மாற்றிக் காட்டினார்கள். சாதாரண கார் இன்ஜினோடு ஒப்பிடலாம். இதைத் திருப்பிப் போட்டு ஒலியைக் கொடுத்தால் குளிர் வரும், 1992இல் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் அப்படி ஒரு குளிர்பதனப் பெட்டி போய்வந்தது.

ஆக உங்கள் ஊரில் அடுப்பு பாடும், பாடும் அடுப்பிலிருந்து குழாய் போகும். காலையில் மக்கள் பாட வேண்டியதில்லை, ஊர் பாடுகிற சுதியைக் கேட்டு "இன்னைக்கு விறகு ஈரம் போல" என்று கிழவிகள் சொல்லிவிடுவார்கள். வாயு சூடேறினால் அதில் ஒலியின் வேகம் கூடும், சுதியும் ஏறும், அதனால் இது வெறும் கற்பனை இல்லை.

கேள்வி: ஒலி காற்றில் பரவிச் சிதறிவிடுமே, ஊருக்குள் எப்படிக் கொண்டுபோவது? (பெங்களூரு வாசகி)

பதில்: காற்றை மறந்துவிடுங்கள். காற்றில் வரும் ஒலி தண்ணீர்ப் பரப்பில் மோதினால் 99.9 சதவீத சக்தி திரும்பிப் போய்விடும், சுவரில் மோதினாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆனால் தண்ணீருக்குள்ளேயே, இரும்புக் குழாய்க்குள்ளேயே அனுப்பினால்?

இதை ஒருவர் செய்தே காட்டிவிட்டார் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ஜார்ஜ் கான்ஸ்டன்டினெஸ்கோ, ருமேனியாக்காரர், இங்கிலாந்தில் குடியேறிய இன்ஜினீயர். மாறுதிசை மின்சாரம் கம்பியில் போவது போலவே குழாயில் அடைத்த திரவத்தில் அழுத்த அலைகளாகத் திறனை அனுப்பலாம் என்று ஒரு முழுக் கோட்பாடே எழுதி 1918இல் புத்தகமாகப் போட்டார். திரவம் குழாயில் ஓடுவதில்லை, நின்ற இடத்தில் நடுங்குகிறது, நடுக்கம்தான் பயணம் போகிறது. முதல் உலகப்போரில் இதற்கு அவசரமாக ஒரு வேலை வந்தது. அந்தக் காலப் போர்விமானத்தில் துப்பாக்கி சுழலும் புரொப்பெல்லருக்குப் பின்னால் இருக்கும், தோட்டா அந்தப் புரொப்பெல்லரின் இறக்கைகளுக்கு நடுவே போக வேண்டும், தப்பினால் சொந்த விமானத்தையே சுட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதுவரை நெம்புகோலும் தண்டும் வைத்து ஒத்திசைத்துக்கொண்டிருந்தார்கள், அவை தேய்ந்தன, ஒவ்வொரு இன்ஜினுக்கும் வேறு வேறு அமைப்பு வேண்டியிருந்தது. கான்ஸ்டன்டினெஸ்கோ எண்ணெய் நிரப்பிய ஒரு குழாயைப் போட்டார். இன்ஜின் பக்கத்தில் ஒரு சின்ன உந்துதண்டு சரியான கணத்தில் எண்ணெயைத் தட்டும், தட்டு அலையாகக் குழாயில் பாய்ந்து மறுமுனையில் துப்பாக்கியின் விசையை இழுக்கும். 1917இலிருந்து பிரிட்டிஷ் விமானங்களில் இது பறந்தது, எந்த இன்ஜினுக்கும் பொருந்தியது.

கற்பனையே செய்யாமல் உங்கள் உலகத்தின் கரண்ட் கம்பி கிடைத்துவிட்டதா? தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1480 மீட்டர் போகும், நம் வீட்டு மின்சாரம் போல 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அதிர்வு வைத்தால் அலைநீளம் 30 மீட்டர். குழாயின் முனையில் அலை மோதித் திரும்பினால் நிலை அலை, அதாவது நகராமல் நின்ற இடத்திலேயே ஆடும் அலை உண்டாகும், 15 மீட்டருக்கு ஒரு முறை அழுத்தமே ஆடாத கணு வரும். கணுவுக்கு நேரே வீடு கட்டினவன் பாடு திண்டாட்டம், குழாய் வாசலிலேயே போகும், அவன் இயந்திரம் அசையாது. மனை விலை, வரப்புச் சண்டை, கோர்ட்டு கேஸ் எல்லாம் இங்கிருந்தே எடுக்கலாம். நான் எழுதினால் முதல் அத்தியாயத்தை இந்த வீட்டில்தான் வைப்பேன்.

கேள்வி: பூமியிலேயே நடக்க வேண்டுமா? வேறு கிரகம் வைத்தால் வசதியா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: வசதிதான், கனமான காற்றுள்ள கிரகமாகப் பாருங்கள். வெள்ளியின் தரையில் நம்மைவிடச் சுமார் 90 மடங்கு காற்றழுத்தம், அங்கே ஒரு பெரிய தகடு ஆடினால் இங்கே விடுவதைவிடப் பல பத்து மடங்கு ஒலி சக்தியைக் காற்றுக்குள் தள்ளும். என்ன, வெப்பம் 460 டிகிரி. செவ்வாய் நேர்மாறு, காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. 2021இல் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் மைக் அங்கே ஒலி விநாடிக்கு 240 மீட்டர் போவதாகவும், கீச்சு ஒலி மட்டும் 10 மீட்டர் வேகமாகப் போவதாகவும் காட்டியது. செவ்வாயில் தூரத்துக் கச்சேரி தாளம் தப்பும்.

கேள்வி: இந்த ஊரில் எல்லோருக்கும் காது போய்விடாதா? (காரைக்குடி)

பதில்: குழாயைச் சரியாக மூடாவிட்டால் போகும். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பதைத்தான் பாதுகாப்பு எல்லையாக வைக்கிறார்கள், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். ஒலியை 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தூக்கிவிட்டால் மனிதக் காதுக்குக் கேட்காது, தெரு நாய்தான் பாவம். காது கேளாத ஒரு பாத்திரம் கட்டாயம் இருக்கட்டும், ஆனால் பரிதாபத்துக்காக வேண்டாம். ஸ்காட்லாந்தின் தாளவாத்தியக் கலைஞர் ஈவ்லின் கிளென்னி செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தவர், வெறுங்காலோடு மேடையேறி அதிர்வை உடம்பால் வாங்கி வாசிப்பவர். அந்த ஊரில் அப்படி ஒருவர்தான் தலைமை மெக்கானிக்காக இருப்பார்.

கேள்வி: நடக்கிற காலடியிலிருந்தே சக்தி எடுக்கலாமே? (சென்னை வாசகர்)

பதில்: 60 கிலோ ஆள் மிதித்து 5 மில்லிமீட்டர் தரை அமுங்கினால் சுமார் 3 ஜூல். ஒரு செல்போனை நிரப்ப ஏறக்குறைய 54,000 ஜூல் வேண்டும். இழப்பே இல்லாமல் 18,000 மிதி. நடங்க, உடம்புக்கு நல்லது.

கேள்வி: கம்ப்யூட்டர்? (மதுரை, பொறியியல் மாணவர்)

பதில்: ஏற்கெனவே இருந்தது. 1949இல் கேம்பிரிட்ஜில் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு நினைவகம் ஒன்றரை மீட்டர் நீளப் பாதரசக் குழாய்கள். ஒரு முனையில் குவார்ட்ஸ் படிகம் துடிக்கும், துடிப்பு ஒலியாகப் பாதரசத்தில் நீந்தி ஆயிரத்தில் ஒரு விநாடியில் மறுமுனைக்குப் போகும், அங்கே பிடித்து மறுபடி முதல் முனையில் விடுவார்கள். ஓயாமல் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் ஞாபகம், நிறுத்தினால் மறதி. வெப்பம் மாறினால் ஒலியின் வேகம் மாறிக் கணக்கு தப்பும் என்பதால் குழாய்களைச் சீரான சூட்டில் வைக்க வேண்டியிருந்தது. பாதரசத்துக்குப் பதில் ஜின் என்ற மதுவை ஊற்றலாம் என்று கணினியின் முன்னோடி ஆலன் டூரிங் சொன்னதாக ஒரு கதை உண்டு. இன்றைக்கும் உங்கள் போனுக்குள் அலைவரிசைகளைப் பிரிக்கும் வடிகட்டியில் ரேடியோ அலை படிகத்தில் ஒலி அலையாக மாறித்தான் போகிறது. நாவலில் தாராளமாக நூலகம் வையுங்கள், புத்தகங்கள் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டிருக்கும் நூலகம்.

கேள்வி: அந்தக் காலத்தில் மந்திர ஒலியால் பெரிய பெரிய கற்களைத் தூக்கிக் கோயில் கட்டினார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே? (தஞ்சாவூர்)

பதில்: ஒலியால் தூக்க முடியும், நீர்த்துளியை, சின்னத் தெர்மாகோல் உருண்டையை. டன் கணக்கான கல்லுக்கு யானையும் சரிவுப் பாதையும் ஆயிரம் பேர் முதுகும் வேண்டும், அந்த உழைப்பாளிகளின் பெயரை மந்திரத்துக்கு எழுதிவைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. நாவலுக்கு ஒரு எத்தன் வேண்டுமானால் தருகிறேன். ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கீலி என்பவர் 1870களில் தொடங்கி இசைக்கவையை (தட்டினால் ஒரே சுரம் தரும் இரும்புக் கவை) மீட்டி, வயலினை இழுத்து இயந்திரம் ஓடுவதாகக் காட்டிக் கால் நூற்றாண்டு காலம் முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கினார். 1898இல் அவர் இறந்த பிறகு ஆய்வுக்கூடத்தைத் தோண்டியவர்களுக்குத் தரைக்கு அடியில் ஒரு பெரிய இரும்பு உருண்டை கிடைத்தது. அழுத்திய காற்றை அடைத்து வைப்பதற்கு என்று தீர்மானித்தார்கள்.

கேள்வி: அந்த உலகத்தில் இன்ஜினீயரிங் யார் படிப்பார்கள்? (ஸ்ரீரங்கம்)

பதில்: வாத்தியம் செய்கிறவர்கள். வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அதன் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று சேராது, இரைச்சல்தான் வரும். மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) கரணை என்ற கறுப்புப் பசையை அப்பி, நடுவில் கனத்தைக் கூட்டி, அந்தச் சேராத அதிர்வுகளைச் சுருதியில் நிற்க வைத்திருக்கிறார்கள். இதை 1920இல் விளக்கியவர் உங்கள் பக்கத்துத் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். அந்த உலகத்தில் கரணை பூசத் தெரிந்தவர் டர்பைன் செய்கிறவருக்குச் சமம். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைச் செதுக்கிய சிற்பி அங்கே மின்வாரியத் தலைவர்.

கேள்வி: சக்தியைக் கொக்கி போட்டுத் திருடுவார்களா? (விருதுநகர்)

பதில்: திருடாமலா! கணுவில் கொக்கி போட்டால் ஒன்றும் கிடைக்காது, அதனால் திருடனுக்கு அலைநீளக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஆனால் குழாயில் எந்த இடத்தில் கிளை போட்டாலும் அந்த இடத்திலிருந்து கொஞ்சம் அலை திரும்பி அலையை அனுப்பும் நிலையத்துக்கே வரும். நிலையத்தில் காதை வைத்திருப்பவர் ஒரு தட்டு தட்டிவிட்டு எண்ணுவார், ஒரு விநாடி கழித்துப் புது எதிரொலி வந்தால் போக 740, வர 740, ஆக 740ஆவது மீட்டர் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். ஒரேயடியாக உறிஞ்சுகிறவன் அன்றைக்கே மாட்டுவான், எதிரொலி அவ்வளவு பெரிசாக வரும். துளித்துளியாக எடுக்கிறவனுடைய எதிரொலி குழாயின் சாதாரண இரைச்சலில் கரைந்துபோகும், அவன் பேரன் காலம் வரைக்கும் பிடிபட மாட்டான்.