கனடாவின் பழங்குடி எம்.எட். மாணவர்களுக்கு இணையவழித் துணை: கேள்வி பதில்

கேள்வி: மேடம், கனடாவின் வடகோடிப் பகுதியான நூனாவுட்டிலிருந்து சேரும் மாணவி ஜூம் வகுப்பில் அடிக்கடி துண்டிக்கப்படுகிறார். கேமராவைப் போடச் சொல்லலாமா?

வேண்டாம். அங்கே இணையம் செயற்கைக்கோள் வழியாக வருகிறது. முதலில் திணறுவது பதிவேற்றம்தான், அதைத் தின்பது வீடியோ. ஒலிக்கு நொடிக்குச் சுமார் 80 கிலோபிட் போதும்; 3 மணி நேரத்துக்கு ஒரு திசையில் 110 எம்பிக்குள் முடியும். ஸ்லைடுகளை முந்தின நாளே சிறிய பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். தொலைபேசியில் இணையும் எண்ணையும் கொடுங்கள். கேமராவுக்கு மதிப்பெண் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: க்ரீ என்னும் பழங்குடியின் மூத்தவர் ஒருவர் வகுப்பில் பேச வருகிறார். வராதவர்களுக்காகப் பதிவு செய்யலாமா சார் என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

அவர் சம்மதிக்காமல் கூடாது. அதையும் வகுப்பு தொடங்கியபின், எல்லார் முன்னும் கேட்காதீர்கள். மறுக்க அவருக்குச் சங்கடமாக இருக்கும். ஒரு வாரம் முன்பே தனியாகக் கேளுங்கள்: கோப்பு யாரிடம் இருக்கும், யார் பார்ப்பார்கள், எப்போது அழியும்? க்ரீ உள்ளிட்ட ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் பழங்குடிகளின் தரவு பற்றிய 'ஓகேப்' (OCAP) நெறி சொல்வதும் இதுதான்: தகவலின் உரிமை, கட்டுப்பாடு, அணுக்கம், கைவசம் நான்கும் சமூகத்திடம். கதைகள் சில குளிர்காலத்தில் மட்டுமே சொல்லப்படுபவை. பதிவானால் கோடையிலும் ஓடும்.

பலர் தவறவிடுவது, பேச்சைத் தானாக எழுத்தாக்கும் ஜூம் வசதி. பதிவை நிறுத்தினாலும் அது தனிக்கோப்பாகச் சேமிக்கப்படலாம், க்ரீ சொற்களையும் சிதைத்துவிடும். அமைப்புகளில் தனியே அணையுங்கள். காது கேளாத மாணவர் இருந்தால் மனித எழுத்தரை அமர்த்தி, பெயர்களையும் சொற்களையும் முன்பே கொடுங்கள்.

மூத்தவரிடம் ஒன்றைக் கேட்கும்போது மரியாதையாகப் புகையிலை கொடுப்பது அவர் சமூக வழக்கமானால், அழைக்கும்போதே அது தபாலில் போய்ச் சேர வேண்டும். வடகோடிப் பழங்குடியான இனுயிட் மக்களிடம் அந்த வழக்கம் இல்லை, எனவே கேட்டுச் செய்யுங்கள். சன்மானப் படிவங்களையும் இப்போதே தொடங்குங்கள். பேசிய மூத்தவரை மாதக்கணக்கில் காக்கவைப்பது பெரிய அவமரியாதை.

கேள்வி: அவர் சொன்னதை ஆய்வேட்டில் எப்படிக் குறிப்பது?

ஏபிஏ (APA) என்னும் மேற்கோள் முறையின் 7ஆம் பதிப்பில் பெயர், இனம், ஊர், நாள் எல்லாம் உரைக்குள்ளேயே வரும். உசாத்துணைப் பட்டியலில் வராது. கனடாவின் நார்க்வெஸ்ட் கல்லூரி நூலகத்தின் மேற்கோள் படிவம் மூத்தவரைப் பட்டியலிலும் சேர்க்கிறது. நான் இரண்டாவதையே சொல்வேன்: நூலாசிரியருக்குள்ள இடம் அவருக்கும் உண்டு. எதுவானாலும் நெறியாளரிடம் முதல் அத்தியாயத்திலேயே பேசி முடியுங்கள்.

கேள்வி: பல்கலையின் அறநெறிக் குழு ஒப்புதல் போதுமா?

போதாது. கனடாவின் ஆய்வு அறநெறிக் கொள்கையான டிசிபிஎஸ் 2 (TCPS 2), 9ஆம் அத்தியாயம் பழங்குடிச் சமூகத்தோடு கலந்து செய்யச் சொல்கிறது. பல சமூகங்களுக்குத் தனி அனுமதி முறையும் உண்டு. நூனாவுட்டில் ஆய்வு உரிமம் வேண்டும். ஜூம் பேட்டிதானே என்று விட்டுவிடாமல் கேட்டுவிடுங்கள். கால அட்டவணையில் இதற்குச் சில மாதங்கள் ஒதுக்குங்கள்.