நான்கு போதாது, எட்டு வாங்குங்கள் என்கிறார்கள்!

கேள்வி: மதுரையை அடுத்த கப்பலூரில் எங்களுக்கு 40,000 சதுர அடிக் கிடங்கு இருக்கிறது. தண்ணீர் பாட்டில், குளிர்பானம், சமையல் எண்ணெய் ஆகியவற்றை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்கு அனுப்புகிறோம். 35 அடி உயரத் தகரக் கூரைக்குக் கீழே வைஃபை அலையைப் பரப்பும் கருவிகள், அதாவது அக்சஸ் பாயின்ட்கள், நான்கு மாட்டியிருக்கிறோம். கார்த்திகையில் மாட்டியபோது மூலைமுடுக்கெல்லாம் நன்றாக வேலை செய்தது. சித்திரை பிறந்ததிலிருந்து, ஆட்கள் ரேக்குகளுக்கு நடுவே போனதும் கையிலுள்ள ஸ்கேனர் நின்றுவிடுகிறது. ஆனால் திரையில் மூன்று கோடு சிக்னல் தெரிகிறது! மாட்டிக் கொடுத்த நிறுவனம், இன்னும் நான்கு வாங்கச் சொல்கிறது. வாங்கலாமா? இல்லை, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: இப்போதே வாங்க வேண்டாம். இப்போதைக்கு ஆணையத்துக்கும் போக வேண்டாம்.

கார்த்திகையில் உங்கள் கிடங்கு பாதி காலியாக இருந்திருக்கும். கோடையில் தண்ணீரும் குளிர்பானமும் மேல்தட்டு வரை ஏறிவிடும். வைஃபை அலையை இரும்பு திருப்பி அடிக்கும், தண்ணீர் விழுங்கிவிடும். எண்ணெய் அந்த அளவுக்கு விழுங்காது, ஆனால் தகர டின்னில் இருந்தால் அதுவும் சுவர்தான். காலிக் கிடங்கில் சோதித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போனவர்களின் பிழை இது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. கட்டடத்துக்குள் மாட்டும் கருவிகள் பலவற்றின் விவரத்தாளில் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் என்று போட்டிருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரையை ஒட்டிய இடம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். எது காரணம் என்று பிரித்தறியச் செலவே இல்லை: விடிகாலை 6 மணிக்கு ஒரு முறை, பிற்பகல் 3 மணிக்கு ஒரு முறை, அதே ரேக் வரிசையில் ஸ்கேனரோடு நடந்து பாருங்கள். காலையிலும் நின்றால் சரக்குதான் காரணம். பிற்பகலில் மட்டும் நின்றால் சூட்டைச் சந்தேகப்படுங்கள். கைப்பேசியை வைத்துச் சோதிக்காதீர்கள். தகராறு செய்வது எதுவோ அதையே எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

மூன்று கோடு தெரிந்தும் வேலை நடக்காததற்கு விளக்கம் எளிது. மேலே இருப்பவர், அதாவது அக்சஸ் பாயின்ட், ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார். கீழே இருப்பவர், அதாவது ஸ்கேனர், வெறும் வாயால் பதில் சொல்கிறார். கூப்பிட்டது கீழே கேட்கிறது, பதில் மேலே எட்டவில்லை. அந்தக் கோடுகள் காட்டுவது மேலிருந்து வரும் சத்தத்தை மட்டுமே. இந்த நிலையில் கருவியின் திறனை இன்னும் ஏற்றி வைப்பவர்கள் உண்டு. அதனால் கோடு கூடும், வேலை கூடாது.

எட்டாக்கினால் என்ன ஆகும்? வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, சேனல்கள் என்ற சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; அவற்றில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என மூன்றுதான். கூரையில் தொங்கும் எட்டுக் கருவிகளுக்கு நடுவே ரேக்கும் இல்லை, சரக்கும் இல்லை. ஒன்றின் பேச்சு மற்றதற்குத் தெளிவாகக் கேட்கும். ஒரே சேனலில் இருப்பவை, மற்றது முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டே இருக்கும்.

செய்ய வேண்டியது, இருக்கிற நான்கையும் கீழே இறக்குவது. 12 முதல் 15 அடி உயரத்தில், ரேக் வரிசைகளுக்கு இடையிலுள்ள நடைபாதையின் முனையில், ஒரே திசையில் வீசும் ஆன்டெனாவோடு பாதையை நோக்கி வைக்க வேண்டும். வெளி ஆன்டெனா பொருத்த முடியாத மாதிரி என்றால், அந்த வசதியுள்ள ஒன்றே ஒன்றை நிறுவனத்திடம் இரவல் கேளுங்கள். நீளமான கேபிளில் இணைத்து, ஏணியின் மேல் கட்டி வைத்து, சரக்கு நிறைந்த பாதையில் நடந்து பாருங்கள். கடைசி ரேக் வரை சிக்னல் வலிமை மைனஸ் 67 டிபிஎம்முக்குக் (டிபிஎம் என்பது அந்த வலிமையின் அளவு; மைனஸ் 60 அதைவிட நல்லது, மைனஸ் 75 மோசம்) குறையாமல் கிடைத்தால் போதுமானது. எத்தனை வாங்குவது என்பதை அந்த நடை சொல்லும்; அது நான்கைவிடக் கூடவே இருக்கலாம். ஸ்கேனர் வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸை ஏற்குமானால் அதற்கு மாற்றுங்கள், அங்கே சேனல்கள் தாராளம்.

சட்டத்துக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராகக் கொள்வதில்லை. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவருக்கு விலக்கு உண்டு. ஆட்களை வைத்து 40,000 சதுர அடியில் மொத்த வியாபாரம் செய்யும் உங்களுக்கு அந்தக் கதவு திறப்பது கடினம். ஆகவே உங்கள் பிடி கொள்முதல் ஆணையில்தான் இருக்க வேண்டும். ‘சரக்கு நிறைந்த நிலையில், எங்கள் ஸ்கேனரில், எல்லாப் பாதைகளிலும் சோதித்துக் காட்ட வேண்டும், அதன் பிறகே கடைசித் தவணை’ என்று எழுதி வாங்குங்கள். பழைய ஆணையில் அப்படி ஏதாவது வரி இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.

கருவிகளை இடம் மாற்றும்போது அவற்றுக்குப் போகும் நெட்வொர்க் கேபிளையும் கவனியுங்கள். ஒரே ஓட்டத்தில் 100 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது. கூரை வழியாக ஏறி இறங்கும்போது உங்கள் கிடங்கில் அது எளிதில் தாண்டிவிடும். கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா? செம்பு முலாம் பூசிய அலுமினியத்தை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். மின்சாரமும் அதே கேபிளில் போவதால், அதை மாற்றித் தரச் சொல்லுங்கள்.